அம்மாவுக்கு மட்டும் பேசியது

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் பெரிய லாண்ட்ரி ஒன்றில் எனக்கு வேலை. துவைப்பது, பிழிவது எல்லாம் மெஷின் பார்த்துக்கொள்ளும். ஈரமாக வரும் விரிப்பின் இரண்டு மூலைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்து, ஒரே இழுப்பில் சூடான உருளைக்குள் கொடுக்க மட்டும் இரண்டு மனுஷிகள் வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்திவிட்டாலும் துணி கோணிக்கொண்டு போய்ச் சுருண்டுவிடும். என் ஜோடி இஸ்திரி அக்கா. வேலையிலும் ஜோடி, தங்கியிருக்கும் அறையிலும் ஜோடி. எங்கள் மொழிதான் பேசுவாள். பேசுவாள் என்றால் நிறுத்தாமல் பேசுவாள். உருளையின் இரைச்சலையும் மீறி அவள் குரல்தான் கேட்கும்.

ஆனால் யார் எவ்வளவு பேசினாலும், நான் பேசுவதைக் கேட்க எனக்கு அம்மாதான் வேண்டும். என் இடைவேளையில் அங்கே ஊரில் ராத்திரி, அம்மா தூங்கிக்கொண்டிருப்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்க அவளுக்குப் பொறுமை கிடையாது. அதனால் வாய்ஸ் மெசேஜ். லாண்ட்ரியின் பின்பக்கத்து இரும்புப் படியில் உட்கார்ந்து போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்தால் போதும், கொட்டிவிடுவேன். இன்றைக்கு எந்த பஸ், உட்கார இடம் கிடைத்ததா, எந்தக் கடையில் சட்டை பார்த்தேன், எந்தக் கிழமை பல் டாக்டரிடம் போகிறேன், எல்லாம் சொல்வேன். எங்கள் சூப்பர்வைசர் தும்மினால் மேசை எப்படி ஆடும் என்று தும்மியே காட்டுவேன். அம்மா எழுந்து கேட்டுவிட்டுச் சிரிப்பதைத் திருப்பி அனுப்புவாள். வெறும் சிரிப்பு மட்டும். அதைக் கேட்டுவிட்டுத்தான் தூங்கப் போவேன்.

ஏர்போர்ட் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். நான் இந்த ஊரில் வந்து இறங்கிய அன்று, தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர் என்று விமான நிலையத்துக்கு வந்து நின்றவர். கையில் என் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிய அட்டை. பொய் சொல்லக்கூடாது, அந்த அட்டையைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு ஆறுதல். என் பெட்டியை அவர்தான் மூன்றாவது மாடிக்குத் தூக்கினார். அறையும் அவர் சொல்லிக் கிடைத்ததுதான். அவர் லீவில் ஊருக்குப் போனபோது எங்கள் வீட்டுக்கும் போய், அம்மாவின் போனில் எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்து, முழங்காலுக்கு உறை வாங்கிப் போட்டுவிட்டு வந்தார்.

"பெத்த பிள்ளை கூட இப்படிப் பண்ணாது, பாப்பா" என்றாள் அம்மா.

"அந்தப் பெத்த பிள்ளை நான்தாம்மா."

"உன்னைச் சொல்லல. பொதுவா சொன்னேன்."

முதலில் "சாப்டியா?" என்று கேட்க மட்டும் போன் வரும். அப்புறம் "ஏன் எடுக்கல?" என்று வந்தது. அதற்கப்புறம் "யார் கூட இருந்த?" ஒரு நாள் சட்டைக்கடையில் திரும்பினால், துணிகளுக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். "நானும் இந்தப் பக்கம் வந்தேன்." பல் டாக்டரிடம் போனால் காத்திருக்கும் நாற்காலியில் அவர். "நானும் பல்லைக் காட்டலாம்னு." நிஜமாகவே பல்லைக் காட்டிச் சிரித்தார். நான் பஸ்ஸை மாற்றினேன். புது பஸ் நிறுத்தத்திலும் நின்றார். போன் எண்ணை மாற்றினேன். மறுநாளே புது எண்ணில் "சாப்டியா?" என்று கேட்டார்.

கோபப்படவும் செய்தார். "நான் இல்லன்னா இந்த ஊர்ல நீ யாரு? ரூமுக்குச் சிபாரிசு யாரு பண்ணா? ஒரு வார்த்தை சொன்னேன்னா பெட்டியோட தெருவுல நிப்ப" என்பார். அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல ஒரு குடையை லாண்ட்ரி வாசலில் கொடுத்துவிட்டுப் போவார்.

எனக்குப் புரியவே இல்லை, இவருக்கு எப்படித் தெரிகிறது? போனில் எதையோ போட்டுவிட்டார் என்று நினைத்துக் கடையில் கொடுத்துத் தெரியாத ஆப் எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன். பிறகு இஸ்திரி அக்கா மேலேயே சந்தேகம் வந்தது. அவளிடம் பேச்சைக் குறைத்தேன். விரிப்பு கோணலாகப் போக ஆரம்பித்தது.

"என்னடி, நான் என்ன சி.ஐ.டி.யா? என்னைப் பாத்ததும் போனைக் கவுத்து வைக்கிற?" என்றாள் ஒரு நாள்.

"அப்படியெல்லாம் இல்லக்கா."

"இல்லைன்னா மூலையைச் சரியாப் பிடி."

பல்லை அடைத்துக்கொண்டு வந்த வாரம் அது. பஸ் நிறுத்தத்தில் நல்ல வெயில். பக்கத்தில் வந்து நின்றார்.

"பல் எப்படி இருக்கு?"

"பரவால்லண்ணா."

"இடது பக்கம் மெல்லாத. நீ எங்க கேக்கப் போற." தானாகச் சிரித்தார். "அந்தத் தும்மல் தும்மிக் காட்டினியே, யப்பா, எனக்கு வயிறே வலிச்சிடுச்சு."

"எந்தத் தும்மல்?"

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து ஒரு தட்டு தட்டினார். என் குரல் வந்தது. "அம்மா, இன்னைக்கு ஒரு கூத்து கேளேன்" என்று நான் ஆரம்பிக்கிறேன். பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். நான் தும்முகிறேன். நானே சிரிக்கிறேன்.

"எல்லாம் வெச்சிருக்கேன். வேலைக்குப் போறப்ப கேட்டுக்கிட்டே போவேன்" என்றார். "என்கிட்டதான் உனக்குப் பேச்சு வராது. அம்மாகிட்ட எவ்வளவு அழகா பேசுற."

ஒரு பஸ் வந்தது. எந்த பஸ் என்று பார்க்காமல் ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு படியில் உட்கார்ந்து போனை வாயருகே வைத்தால் ஒன்றும் வரவில்லை. எதைச் சொன்னாலும் அது அவன் காதில் போய் விழும். "வேலைக்கு வந்தேன். சாப்பிட்டேன். நல்லா இருக்கேன்." அவ்வளவுதான். சிரிப்பு திரும்பி வருவது நின்றுபோனது.

"என்ன பாப்பா, டிவில செய்தி வாசிக்கிற மாதிரி பேசுற?" என்று அம்மா அனுப்பினாள்.

அவனுக்கு அனுப்புகிறாயா என்று அம்மாவிடம் ஏன் கேட்கவில்லை என்றால், கேட்டால் உடைந்துபோவாள். இன்னொன்று, என்னை அனுப்பும்போதே சொல்லியிருந்தாள், "ஏதாவது ஒண்ணுன்னா மறு ஃப்ளைட்ல வந்துடணும்" என்று. நான் வரமாட்டேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. சம்பள நாள் பிடித்திருந்தது. விரிப்பு உருளைக்குள் நேராகப் போய் அந்தப் பக்கம் வெள்ளை வெளேரென்று வருவது பிடித்திருந்தது. அம்மா இருக்கிறாள், போன் இருக்கிறது, பேச மட்டும் முடியவில்லை. அவள் பழைய சிரிப்புகளைத் தேடி எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று, அவனும் இப்படித்தானே என் குரலைக் கேட்கிறான் என்று தோன்றியது. போனை மடியில் போட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம் ஒரு விரிப்பு சுருண்டு உருளையில் சிக்கி, மெஷினையே நிறுத்த வேண்டியதாகிவிட்டது. இஸ்திரி அக்கா என்னைத் தண்ணீர்க் குழாய் பக்கம் இழுத்துப் போனாள்.

"சொல்லு."

சொன்னேன். ஒன்று விடாமல்.

"அப்ப இவ்வளவு நாளா நான்தான் போட்டுக் கொடுக்கிறேன்னு நினைச்சிட்டிருந்த?"

"ஆமாக்கா."

"நல்லா இருடியம்மா." கொஞ்ச நேரம் என்னையே முறைத்தாள். பிறகு தன் தோளில் கிடந்த துண்டால் என் மூக்கைத் துடைத்துவிட்டாள், சின்னக் குழந்தைக்குத் துடைப்பதுபோல, வலிக்க வலிக்க. "நூலகத்து மாடில வாரா வாரம் வக்கீல் உக்காருவாங்க. இலவசம். லீவு போடு, போறோம்."

வக்கீல் என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவராக இருப்பார். எங்கள் மொழி தெரியாது. மேசை நடுவில் போனை ஸ்பீக்கரில் வைத்தார். அதிலிருந்து மொழிபெயர்ப்பாளர் பேசினார். வயதான ஆண் குரல்.

"வணக்கம்மா. அவங்க சொல்றத அப்படியே சொல்லுவேன், நீங்க சொல்றத அப்படியே சொல்லுவேன். நானா எதையும் சேக்கவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன்."

அப்படித்தான் செய்தார். ஆனால் நான் பஸ் நிறுத்தத்துக் கதையைச் சொல்லி முடித்ததும், மொழிபெயர்க்கும் முன்னால், போனில் ஒரு பெருமூச்சு கேட்டது. அதை மட்டும் அவர் கழிக்கவில்லை.

வக்கீல் முதலில் கேட்டது இது: "என்னைத் தொடர்பு கொள்ளாதீங்கன்னு அவர்கிட்ட தெளிவா சொல்லியிருக்கீங்களா?"

என் மெசேஜ்களைக் காட்டினேன். நான் படிக்கப் படிக்க மொழிபெயர்ப்பாளர் சொல்லிக்கொண்டே வந்தார். வேலை இருக்குண்ணா. அப்புறம் பாக்கலாம்ணா. சாரிண்ணா தூங்கிட்டேன். உடம்பப் பாத்துக்கங்கண்ணா.

வக்கீல் புருவத்தைத் தூக்கினார். "இதுல எங்கயும் வேண்டாம்னு இல்லையே?"

"அய்யோ, இதெல்லாமே வேண்டாம்தாங்க" என்றாள் இஸ்திரி அக்கா. "எங்காளுங்க மூஞ்சிக்கு நேரா மாட்டேன்னு சொல்ல மாட்டோம். ரெண்டு தடவை பாக்கலாம்னு சொன்னா எதிராளிக்குப் புரிஞ்சிடணும். அவனுக்கும் புரிஞ்சிருக்கும். புரியாத மாதிரி நடிக்கிறான்."

"நடிக்க இடம் கொடுக்க வேண்டாம்" என்றார் வக்கீல். "ஒரே ஒரு தடவை, எழுத்துல, தெளிவா சொல்லிடுங்க. அதுக்கப்புறம் அவர் அழுதாலும் மிரட்டினாலும் பதில் போடாதீங்க. எதையும் அழிக்கவும் வேண்டாம். அவர் அனுப்பறது ஒவ்வொண்ணும் உங்களுக்குச் சாட்சி."

நான் பாதியை ஏற்கெனவே அழித்திருந்தேன், பார்க்கவே கூச்சமாக இருந்ததால். சொன்னேன். பரவாயில்லை, இருப்பது போதும் என்றார். போலீஸில் புகார் கொடுக்கலாம், அவர்கள் கூப்பிட்டு எச்சரிப்பார்கள், மிரட்டலுக்கு வழக்கும் போடலாம், ஆனால் அது அவர்கள் வேகத்தில் நடக்கும். கோர்ட்டில் நானே மனு போட்டால், நீதிபதிக்குச் சரியென்று பட்டால் உடனே தற்காலிகத் தடை கிடைக்கும். பிறகு அவனையும் கூப்பிட்டு விசாரித்து நீண்ட காலத்துக்குப் போடுவார்கள். வீட்டுக்கும் வேலைக்கும் பக்கத்தில் வரக்கூடாது, பேசக்கூடாது, அனுப்பக்கூடாது. மீறினால் அதுவே குற்றம், அப்போது போலீஸ் வந்து பிடிக்கும். ஒன்றைச் செய்தால் இன்னொன்று கூடாது என்றில்லை. லாண்ட்ரி வாசல் காவலாளிக்கும் சொல்லி வையுங்கள் என்றார்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது. "என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்களா? அவர் ஒரு வார்த்தை சொன்னா..."

"ரூம் ஒப்பந்தத்துல யார் கையெழுத்து?"

"என்னுது."

"வேலை?"

"நானே இண்டர்வியூ போனேன்."

"அப்ப அவருடைய ஒரு வார்த்தைய யார்கிட்ட போய்ச் சொல்லுவார்?"

இஸ்திரி அக்கா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். இவ்வளவு நாள் இதை நான் யோசிக்கவே இல்லை.

"இப்ப ஒரு சிக்கல்" என்றார் வக்கீல். "உங்க குரல் அவருக்கு உங்க அம்மாகிட்ட இருந்து போயிருக்கு. குடும்பமே என்னை நம்பி ஒப்படைச்சதுன்னு அவர் சொல்லுவார். அம்மா போன்ல அவர் என்ன கேட்டாருன்னு இருக்கும். அது நமக்கு வேணும்."

"அம்மாகிட்ட சொல்லாம செய்ய முடியாதா?"

"மனு போடலாம். ஆனா தடை வந்த பிறகும் அம்மா அனுப்பிட்டே இருந்தா, நீங்க எங்க இருக்கீங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிட்டேதானே இருக்கும்?"

அந்த மெசேஜை அறையில் உட்கார்ந்து எழுதினேன். "அண்ணா, தப்பா நினைக்காதீங்க, நீங்க எவ்வளவோ உதவி பண்ணிருக்கீங்க, ஆனா..." என்று ஆரம்பித்தேன். இஸ்திரி அக்கா போனைப் பிடுங்கினாள்.

"அண்ணாவ எடு."

"மரியாதைக்காவது..."

"தப்பா நினைக்காதீங்கவ எடு. தப்பாத்தானே நினைச்சிட்டிருக்கான். உதவிய எடு. ஆனாவ எடு."

எடுத்து எடுத்துக் கடைசியில் மிஞ்சியது இரண்டு வரி. இனிமேல் என்னை எந்த வகையிலும் தொடர்பு கொள்ள வேண்டாம். நான் இருக்கும் இடத்துக்கு வர வேண்டாம். அனுப்பியதும் பெரிய பாவம் செய்துவிட்டதுபோல இருந்தது.

அவன் எனக்குப் பதில் போடவில்லை. அம்மாவுக்குப் போட்டிருக்கிறான். விடிந்ததும் அம்மாவின் மெசேஜ்: "பாப்பா, அந்தத் தம்பிய என்ன சொன்ன? போன் பண்ணி அழுதுச்சு. அவ்வளவு பெரிய ஆம்பள தேம்பித் தேம்பி அழுதா எனக்கு என்னவோ ஆயிடுச்சு. ஒரு தடவை பேசிடேன்."

அன்று லீவு. நேரே போன் போட்டேன்.

"அம்மா, நான் உனக்கு அனுப்பறத அவருக்கு அனுப்பறியா?"

"அனுப்புவேன். ஏன்?"

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். பால் வாங்கினாயா என்று கேட்டால் சொல்வதுபோல.

"ஏம்மா?"

"கேப்பாரு. பாப்பா என்ன சொல்லுச்சும்மா, அனுப்புங்கன்னு. வெளியூர்ல இருக்க, ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா நல்லதுதானே. அதுவும் இல்ல பாப்பா. நீ பேசறத நான் ஒருத்தி மட்டும் கேட்டா பத்தல. யாருகிட்டயாவது போட்டுக் காட்டணும்னு இருக்கும். பக்கத்து வீட்டுல கேப்பாங்களா, அவங்கவங்களுக்கு வேலை. அவர் ஒருத்தர்தான் கேட்டாரு. கேட்டுட்டு, நல்லா பேசுதும்மா உங்க பொண்ணுன்னு சொல்லுவாரு. அதைக் கேக்க..."

முடிக்கவில்லை. எனக்குத் திட்ட வாய் வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன். சட்டைக்கடை, பல் டாக்டர், மாறிய பஸ், வெயிலில் ஓடிய என் குரல்.

"அம்மா?"

"கிளம்பி வா."

"அம்மா..."

"இப்பவே கிளம்பு. வேலையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்."

"நான் ஏம்மா கிளம்பணும்? நான் என்ன பண்ணேன்? கோர்ட்டுக்குப் போறேன். அவர் உன்கிட்ட கேட்டதெல்லாம் உன் போன்ல இருக்கும், எதையும் அழிச்சிடாத. இனிமே அவருக்கு எதையும் அனுப்பாத."

"கோர்ட்டா? கல்யாணம் ஆகாத பொண்ணு கோர்ட்டு வாசப்படி மிதிக்கவா அனுப்பினேன்? வந்துடு பாப்பா."

"வர மாட்டேன்."

அம்மாவிடம் அந்தச் சொல்லை அதற்கு முன் சொன்னதே இல்லை. "பாக்கலாம்மா", "அப்புறம் சொல்றேம்மா" என்றுதான் சொல்லியிருக்கிறேன். போன் கட்டாகிவிட்டது.

அதற்குப் பிறகு அம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. நான் அனுப்பியதைக் கேட்டாள், அது தெரிந்தது. பதில் மட்டும் இல்லை. உருளைக்குள் விரிப்பைக் கொடுத்துக்கொண்டே அம்மாவின் கையை நினைப்பேன். ஈரப் புடவையை உதறுவதற்கு முன் மூலையைத் தேடும் அந்தக் கை. அவள் அந்த மூலையும் நான் இந்த மூலையுமாகப் பிடித்து உதறுவோம், என் முகமெல்லாம் தெறிக்கும். "தள்ளி நில்லுடி" என்பாள், தள்ளி நிற்க விடமாட்டாள். எதிரே இஸ்திரி அக்கா, "இழு" என்பாள். இழுப்பேன்.

மனு போட்ட அன்றே தற்காலிகத் தடை கிடைத்தது. விசாரணைக்கு ஒரு நாள் குறித்தார்கள்.

கோர்ட் என்றால் உயரமான மேடை, கூண்டு என்று நினைத்திருந்தேன். பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒரு அறை, நீலக் கம்பளம், தண்ணீர்க் குவளை. நீதிபதி ஒரு நடுத்தர வயது அம்மாள், மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துவிட்டு அதையே மேசையில் தேடினார். எங்கள் மொழி தெரிந்த ஒரு பெண் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். என்னைப் பார்த்து, பாவம் குழந்தை என்பதுபோலச் சிரித்தான்.

வக்கீல் சொன்னதுபோலவே ஆயிற்று. "இவங்க அம்மா என்னை நம்பி ஒப்படைச்சாங்க. என் மேல குத்தம்னா அவங்க சொல்லட்டும். இப்பவே போன் போட்டுக் கேளுங்க. அவங்க என்னை மகன் மாதிரின்னுதான் சொல்லுவாங்க" என்றான்.

நீதிபதி யோசித்தார். வக்கீல் குனிந்து மெதுவாகக் கேட்டார், அந்தப் பெண் இன்னும் மெதுவாகச் சொன்னாள்: "முன்னறிவிப்பு இல்லாத சாட்சி. நாம எதிர்க்கலாம். எதிர்க்கட்டுமா?"

அம்மா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. "அவர் நல்ல தம்பிங்க, இவதான் ஏதோ" என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்தது. தடை போகும், அவன் மறுபடியும் பஸ் நிறுத்தத்தில் நிற்பான், நான் பெட்டியைக் கட்டுவேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மாவின் குரலைக் கேட்டு அத்தனை நாளாயிற்று. எதற்காகவாவது, எங்கேயாவது, ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

"கேக்கட்டும்" என்றேன்.

எங்கள் வீட்டு லேண்ட்லைனில் மணி போய்க்கொண்டே இருந்தது.

"ஹலோ, யாரு?" தூக்கம் கலையாத குரல். நான் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

யார், எங்கிருந்து என்று அந்தப் பெண் சொன்னாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றாள். பிறகு நீதிபதியின் கேள்வி: இவரிடம் உங்கள் மகளை ஒப்படைத்தீர்களா?

"பாத்துக்கப்பான்னு சொன்னேன். ஆமாங்க."

அவன் தலையை ஆட்டினான்.

"அதுக்கு என்ன அர்த்தம்னு ஜட்ஜம்மா கேக்கறாங்க."

"என்ன அர்த்தம்? யாருகிட்டயும் சொல்றதுதாங்க. அவ காலேஜுக்குப் போறப்ப பஸ் கண்டக்டர்கிட்ட கூடச் சொல்லிருக்கேன், பொண்ண பாத்து இறக்கி விடுப்பான்னு. அதுக்காகக் கண்டக்டர் எங்க வீட்டு வாசல்ல வந்து நிப்பாரா?"

அந்தப் பெண் அதை மொழிபெயர்க்கும்போது அவள் உதடு துடித்தது. நீதிபதி ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பேனாவை எடுத்தார்.

"அந்த ஆளு அங்க இருக்காரா?" என்று அம்மா கேட்டாள். "இருந்தா கேக்கட்டும். அவர் எனக்குப் பேசி அனுப்பினது எல்லாத்தையும் மறுபடி உக்காந்து கேட்டேன். இவ்வளவு நாளா கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். அன்னைக்கு இனிச்சது இன்னைக்குக் கேட்டா வேற மாதிரி இருக்கு. போடறேன், கேளுங்க."

தன் செல்போனை இதன் பக்கத்தில் வைக்கும் சத்தம். பிறகு அந்த அறையில் அவன் குரல் வந்தது, தேன் ஒழுக: "அம்மா, இன்னைக்குப் பாப்பா எங்க போறேன்னு சொல்லுச்சா? சொன்னத அனுப்புங்கம்மா. நான் கேட்டேன்னு மட்டும் அதுகிட்ட சொல்லாதீங்க."

"சொல்லாதீங்கன்னு ஏங்க சொல்லணும்?" என்றாள் அம்மா. "நல்லதுக்குக் கேக்கறவன் சொல்லாதீங்கன்னு சொல்லுவானா? அப்பவே எனக்குத் தோணியிருக்கணும். எம்பொண்ணு எனக்குன்னு பேசினது அது. அதைத் தூக்கிக் கொடுத்தது நான். இவர்கிட்ட ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க. எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க."

அவன் எழுந்து, "அக்கறையில கேட்டேன், வேறொண்ணும் இல்ல" என்று ஆரம்பித்தான். நீதிபதி உட்காரச் சொன்னார்.

தடை உத்தரவு நீட்டிக்கப்பட்டது. அறைக்கும் லாண்ட்ரிக்கும் அருகே வரக்கூடாது. என்னோடு நேராகவோ, அம்மா வழியாகவோ, வேறு யார் வழியாகவோ பேசக்கூடாது. என் குரல் பதிவுகளை என் வக்கீல் முன்னால் அழிக்க வேண்டும். காலம் முடிவதற்குள் தேவைப்பட்டால் நான் மறுபடி கேட்கலாம். வக்கீல் உத்தரவின் பிரதிகளைக் கொடுத்து, ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கச் சொன்னார்.

வாசலில் இஸ்திரி அக்கா காத்திருந்தாள். "கண்டக்டர் கதை நிஜமா?" என்று கேட்டாள். நிஜம்தான். எனக்கே மறந்திருந்தது.

அவன் வருவதில்லை. ஒரு தடவை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்து, பேசாமல் மூச்சு மட்டும் கேட்டது. அந்த எண்ணைப் போலீஸில் கொடுத்தேன், அதற்குப் பிறகு அதுவும் இல்லை. ஆனாலும் பஸ் நிறுத்தத்தில் இன்னும் திரும்பித் திரும்பித்தான் பார்க்கிறேன்.

அம்மா மறுபடியும் பேச ஆரம்பித்தாள். ஆனால் பழைய அம்மா இல்லை. "நல்லா இருக்கியா? உடம்பு எப்படி? சரி, வெச்சிடவா?" நான் கடைக்குப் போனேன் என்று ஆரம்பித்தால், "சரி சரி, சொல்ல வேண்டாம், பத்திரமா இருந்தா போதும்" என்று வாயை அடைத்துவிடுவாள். தெரிந்துகொண்டால் எங்கேயோ சிந்திவிடுமோ என்று பயம். தன் காதையே நம்பாமல் ஆகிவிட்டாள். எல்லாம் அவளிடம் சொல்லத்தான் கோர்ட் வரை போனேன், அவள் கேட்க மறுக்கிறாள்.

போன லீவு நாளில் ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலத்தில் நின்றுகொண்டு போன் போட்டேன். காற்று துப்பட்டாவை இழுத்துக்கொண்டு போயிற்று.

"நல்லா இருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"இருக்கேன். சரி பாப்பா, அப்ப..."

"அம்மா, வெச்சிடாத. ஒண்ணு கேளேன்."

"என்ன கேக்க?"

"எங்க இருக்கேன்னு கேளேன்."

அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் வந்தது.

"வேண்டாம் பாப்பா. எனக்குத் தெரியாமலே இருக்கட்டும்."

"உனக்குத் தெரியணும்மா. வேற யாருக்கும் வேண்டாம். கேளு."

வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். வைக்கவில்லை.

"எங்க இருக்க?" என்றாள், யாரோ பக்கத்தில் தூங்குவதுபோல மெதுவாக.

"பாலத்து மேல. கீழ ரயில் தண்டவாளம், ஒண்ணு ரெண்டு இல்ல, சடை பிரிச்ச மாதிரி. எதிர்ல ஒரு கட்டடம், அதுல ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் சிவப்புச் சட்டை காயுது. ஒருத்தர் சைக்கிளைத் தூக்கிட்டுப் படியேறி வராரு, மூச்சு வாங்குது. இப்ப ஒரு ரயில் வருதும்மா, நீளமா..."

ரயில் பாலத்துக்கு அடியில் நுழைந்தபோது என் கால் அதிர்ந்தது. நான் போனை வெளியே நீட்டிப் பிடித்தேன்.

"கேக்குதா?"

"கேக்குது" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் அங்கயே நில்லு."